அலுமாரியில் கிடக்கும் துண்டு: காப்புறுதி ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டம் களுதாவளையிலிருந்து எழுதுகிறேன். உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். உங்களுக்கு இதற்கு முன் நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பரம்பரை நோய்ப் பரிசோதனைக்கும் காப்புறுதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் குடும்பத்துக்காக இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அம்மா மார்புப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 43. சில வருடங்கள் கழித்து அம்மாவின் தங்கைக்கும் அதே நோய் வந்தது. சின்னம்மா மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரவு பஸ்ஸில் அலைந்து, முடி கொட்டி மறுபடி முளைத்து, இன்று வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிறார். என் தங்கச்சிக்கு இப்போது 34 வயது. போன வருடம் கிளினிக்கில் டொக்டர் அவளிடம் குடும்ப விபரமெல்லாம் கேட்டு எழுதிவிட்டுச் சொன்னாராம்: "இது பரம்பரையா வாறதா எண்டு பார்க்கிறது நல்லம். முதல்ல சின்னம்மாவின்ட இரத்தத்தப் பார்ப்பம். அவவுக்கு இருந்தா உங்களுக்கும் பார்ப்பம்." சின்னம்மாவின் பெயருக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். கொழும்புக்கு அனுப்பிச் செய்ய வேண்டிய பரிசோதனை. செலவுக்குக் கட்டாரிலிருந்து காசு அனுப்புகிறேன் என்று தங்கச்சியின் கணவர் சொல்லிவிட்டார்.

அந்தத் துண்டு இன்றுவரை சின்னம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவே மடித்தபடி கிடக்கிறது. அது ஏன் அங்கே கிடக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

அதே மாதம் தங்கச்சி மருத்துவக் காப்புறுதி ஒன்று எடுக்க நினைத்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். அதன் அருமை எங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? சின்னம்மாவைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும்வரை காத்திருப்பதும், அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்குவதும், கூடப்போகிறவர் கொழும்பில் தங்குவதும் காசுதானே. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாமசி பாமசியாக ஏறி இறங்கிய வீடுகளில் எங்களதும் ஒன்று.

வந்த முகவர் என்னிடம் படித்த பொடியன். முற்றத்து மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, கேள்விகளை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் கேட்டு, பதிலை அவனே நிரப்பினான். பெற்றோருக்கும் சகோதரங்களுக்கும் இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் உண்டா என்ற கேள்வி வந்தது. தங்கச்சி அம்மாவைப் பற்றி மறைக்காமல் சொன்னாள். டொக்டர் தந்த துண்டைப் பற்றியும் சொன்னாள். பொடியன் பேனையை மூடினான்.

"அக்கா, டீச்சர், நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். இந்த டெஸ்ட இப்ப செய்யாதீங்க. சின்னம்மாவுக்கு இருக்கு எண்டு வந்தா, அதையும் இதில எழுதணும். எழுதாம விட்டா, பிறகு மறைச்சிட்டீங்க எண்டு சொல்லிக் காசு தரமாட்டாங்க. தெரியாம இருந்தா எழுதத் தேவையில்லத்தானே."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நிறுவனத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஆனால் 'தெரியாமல் இருந்தால் எழுதத் தேவையில்லை' என்ற அந்தப் பேச்சு அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. நோயைத் தெரியாமல் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு படிவம் எங்களுக்குச் சொல்லித் தருகிறதே, இதை எப்படித் தாங்குவது?

இந்தப் பரிசோதனை எதற்கு என்று கொஞ்சம் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்போம், பத்திரிகைகள் மரபணு என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்று இரண்டு மரபணுக்களை 1994இலும் 1995இலும் இனங்கண்டார்கள். அவை பழுதில்லாமல் இருந்தால் கலத்துக்குள் டி.என்.ஏ.யில் ஏற்படும் சேதத்தைத் திருத்த உதவும். ஒன்றில் கெடுதியான மாற்றம் பரம்பரையாக வந்துவிட்டால், அந்தப் பெண்களில் 100க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வரும் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிறது. அந்த நாட்டில் பொதுவாகப் பெண்களுக்கு அது 100க்கு 13 அளவில்தான். அந்த மாற்றம் உள்ள ஒருவரின் பிள்ளைக்கு அது கடத்தப்பட வாய்ப்புப் பாதிக்குப் பாதி. இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் செய்யக்கூடியவை பல: இளவயதிலேயே வருடாவருடம் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம், விரும்பினால் தடுப்புச் சத்திரசிகிச்சையும் செய்யலாம். இல்லை என்று தெரிந்தால் அந்தப் பயத்தோடு வாழத் தேவையில்லை. ஆக, எப்படிப் பார்த்தாலும் தெரிந்துகொள்வதில்தான் உயிர் தப்புகிற வழி இருக்கிறது.

தங்கச்சிகூட ஒருவேளை துணிந்திருப்பாள். நின்றுபோனது சின்னம்மாவிடத்தில். துண்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "எனக்கென்ன, ஒரு ஊசி குத்துத்தானே. ஆனா என்ட புள்ளைகள் ரெண்டுக்கும் இது பின்னால வந்து நிக்காதா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழமையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் வளவையே பாருங்கள்: அம்மாவின் வீடு இப்போது தங்கச்சிக்கு, அதற்குப் பின்னால் என்னுடையது, வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா, அவருக்கு அடுத்து அவருடைய மூத்த மகள். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்கள். முகவரும் ஒருவர்தான். ஒரு வீட்டுப் படிவத்தை முடித்துவிட்டு அடுத்த வீட்டுப் படலையைத் திறப்பார். சின்னம்மாவின் முடிவு ஒரு கோவைக்குள் போனால் அது சின்னம்மாவைப் பற்றி மட்டுமா பேசும்? அவருடைய இரண்டு மகள்மாரையும், என்னையும், தங்கச்சியையும், இன்னும் பள்ளிக்கூடமே போகாத தங்கச்சியின் குழந்தையையும் பற்றி அது பேசும். கையெழுத்துப் போட்டது ஒருத்தி; அதில் அடங்கிப்போவது ஒரு வளவு. மற்றவர்களிடம் யார் சம்மதம் கேட்டது?

போன தவணை வகுப்பில் வம்சாவளி வரிப்படம் கீறிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் உள்ளவருக்கு நிறந்தீட்டுவோம். மேல்வரிசையில் இரண்டு வட்டத்தைத் தீட்டிவிட்டு, கீழே ஐந்து வட்டம் போட்டபோதுதான் பார்த்தேன், கரும்பலகையில் இருந்தது எங்கள் வளவு. சோக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை.

இது வெறும் பயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் பரம்பரையைச் சொல்லும் நிறுவனம். 2023இல் அங்கே திருடர்கள் நேரடியாக உள்ளே போனது ஏறத்தாழ 14,000 பேரின் கணக்குகளுக்குத்தான். ஆனால் வெளியே போனது 69 இலட்சம் பேரின் விபரம். காரணம், உறவினரைத் தேடித்தரும் வசதி ஒன்று அதில் இருந்தது. ஒருவரின் கதவைத் திறந்தால் சொந்தபந்தம் எல்லோரும் தெரிவார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் வங்குரோத்து மனுப் போட்டது, பிறகு கைமாறியது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களில் ஒருவர் விளையாட்டாகத் துப்பி அனுப்பிய எச்சிலில் களுதாவளையில் இருக்கிற மச்சாளின் இரத்தமும் கொஞ்சம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாக வருவது. தமிழருக்கும் உண்டு, காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்றுவரை முஸ்லிம் மக்களுக்கும் உண்டு. ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது. ஆனால் மாமன் மகள் வேறு குடி, ஏனென்றால் மாமி வேறு குடி. அதனால் மச்சானும் மச்சாளும் கட்டுவது முறையான சம்பந்தம், பல வீடுகளில் விருப்பமான சம்பந்தமும்கூட. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே உண்டு. பிறப்புரிமையியல் கணக்குப்படி முதல்முறை மச்சான் மச்சாளுக்குள் எட்டில் ஒரு பங்கு பரம்பரையலகுகள் பொதுவாக இருக்கும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்களில் அது முக்கியம். பழுதான பரம்பரையலகு ஒன்றை மட்டும் சுமப்பவரைக் காவி என்போம், அவர் நோயாளி இல்லை. வயல் செய்வார், ஓடுவார், நூறு வயது வாழ்வார். ஆனால் இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதற்காகத்தான் கல்யாணத்துக்கு முன் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுகாதாரத் துறை கேட்கிறது. குருநாகலில் தலசீமியாவுக்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. நானும் வகுப்பில் அதையே சொல்கிறேன்.

அப்படிப் பார்த்துக்கொண்ட ஒரு பிள்ளை நாளைக்குக் காப்புறுதிப் படிவத்தில் 'காவி' என்று உண்மையை எழுதினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் இது நடந்தது. அரிவாள் கல நோய் என்ற பரம்பரை இரத்த நோய்க்குக் கறுப்பின மக்களைக் கட்டாயமாகச் சோதிக்கப் பல மாநிலங்கள் சட்டம் போட்டன. நல்ல சுகத்தோடு இருந்த காவிகள்கூட நோயாளிகளாகப் பார்க்கப்பட்டார்கள். வேலையும் காப்புறுதியும் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. பரிசோதனை என்றாலே மக்கள் பயந்தார்கள். 1972இல் மத்திய அரசு, சோதனை விருப்பத்தின் பேரில் நடந்தால்தான் பணம் தருவோம் என்று சட்டம் செய்ய வேண்டி வந்தது. இந்தப் பழைய காயத்தை, 2008 மே மாதம் அங்கே வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் தன் முகப்பிலேயே குறிப்பிடுகிறது. நாங்களும் ஒருமுறை பட்டுத்தான் திருந்த வேண்டுமா?

அந்த 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. மருத்துவக் காப்புறுதியிலும் வேலையிலும் மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆயுள் காப்புறுதியைத் தொடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் முற்றத்துக்கு வந்த மருத்துவக் காப்பு தனியாக வரவில்லை, ஆயுள் காப்புறுதியின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான் அதிகம் விற்கிறார்கள். மருத்துவக் காப்புக்கு மட்டும் ஒரு விதி செய்து ஆயுள் காப்புறுதியை விட்டுவிட்டால், முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டதாகத்தான் முடியும்.

அடுத்தது 'முன்னரே இருந்த நோய்' என்ற சொல். காப்புறுதி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் இல்லை என்பது விளங்குகிறது. ஆனால் மரபணு பிறக்கும்போதே வருவது. அதை நோய் என்று எடுத்தால், தாயின் வயிற்றிலேயே எங்களுக்கு நோய் இருந்தது என்று வாதிடலாம். பக்கத்து நாட்டில் இதய நோய்க்காரர் ஒருவருக்கு, இது மரபணுக் கோளாறு என்று சொல்லிக் காப்புறுதிப் பணம் மறுக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் அந்தப் பரந்த விலக்கைப் பாகுபாடு என்றது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆனாலும் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, புதிய மருத்துவக் காப்புறுதிகளில் மரபணுக் கோளாறு என்பதை ஒரு விலக்காகச் சேர்க்கக் கூடாது என்று அங்கத்தைய ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குப் பணித்தது. உங்களைப் போன்ற ஓர் அமைப்புத்தான் அது.

நிறுவனங்கள் என்ன சொல்லும் என்றும் தெரியும். தனக்கு நோய் வரும் என்று தெரிந்தவர் பெரிய தொகைக்குக் காப்புறுதி எடுத்துவிட்டால் நட்டம் எங்களுக்குத்தானே என்பார்கள். நியாயமான கவலைதான், நான் தள்ளிவிடவில்லை. பிரித்தானியாவில் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அரசும் காப்புறுதி நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட 2018ஆம் ஆண்டு விதிக்கோவையின்படி, வரப்போகும் நோயைச் சொல்லும் மரபணு முடிவைக் கேட்கலாம் என்பது மூளையைத் தாக்கும் ஹண்டிங்டன் என்ற பரம்பரை நோய் ஒன்றுக்குத்தான். அதுவும் 5 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட ஆயுள் காப்புறுதிக்குத்தான். தங்கச்சி கேட்ட தொகை அதில் ஒரு துளிகூட வராது. கனடா இன்னும் இறுக்கமானது. ஒப்பந்தம் செய்யவோ சேவை தரவோ மரபணுப் பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 10 இலட்சம் டொலர்வரை தண்டமோ 5 வருடம்வரை சிறையோ கிடைக்கலாம். 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

வெளிநாடுவரை போகத் தேவையில்லை, என்னையே எடுங்கள். நான் அரச ஊழியர். அரச ஊழியர்களுக்கான அக்ரஹாரக் காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. அம்மா எதனால் செத்தார் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் போடுகிறோம், வருத்தம் வந்தவர் எடுக்கிறார். தங்கச்சி அதே அம்மாவின் வயிற்றில் பிறந்தவள், அதே வளவில் இருக்கிறாள். அவளிடம் மட்டும் இரத்தத்தின் கணக்குக் கேட்கப்படுகிறது, அவள் தையல் மெசினில் உழைக்கிறாள் என்பதால்.

எங்கள் நாட்டிலும் சட்டம் ஒன்று இருக்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. அதை வாசித்தபோது மனம் குளிர்ந்தது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து தள்ளிப்போயின. அதைவிட எனக்குப் பெரிய கவலை, சம்மதம் இருந்தால் அந்தத் தரவையும் கையாளலாம் என்பது. சம்மதம் என்பது எங்கள் முற்றத்தில் எப்படி வாங்கப்பட்டது தெரியுமா? கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் நாலு வரி. எந்த வைத்தியரிடமும் எந்த ஆஸ்பத்திரியிலும் என் விபரங்களைப் பெற அனுமதிக்கிறேன் என்பது அதன் சாரம். நான் பக்கத்தில் இருந்ததால் வாசித்துச் சொன்னேன். மற்ற வீடுகளில் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைப்பார்கள், அவ்வளவுதான். காப்புறுதி வேண்டுமென்றால் கையெழுத்து, கையெழுத்து இல்லையென்றால் காப்புறுதி இல்லை. இதைச் சம்மதம் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம், காப்புறுதி எடுத்தவர்களோடு இனி எடுக்கக்கூடியவர்களின் நலனையும் காக்கும் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கிறது. அந்த 'இனி எடுக்கக்கூடியவர்கள்' எங்கள் வளவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். மருத்துவக் காப்புக்கும் அதைச் சுமந்துவரும் ஆயுள் காப்புறுதிக்கும், மரபணுப் பரிசோதனையின் முடிவைக் கேட்கவோ, பார்க்கவோ, விலை வைக்கவோ, மறுக்கவோ கூடாது என்று எல்லா நிறுவனங்களுக்கும் பணிப்புரை விடுங்கள். பெருந்தொகை ஆயுள் காப்புறுதிக்கு ஒரு எல்லை தேவை என்றால் வையுங்கள். அந்த எல்லையை எல்லோரும் அறிய வெளியிடுங்கள். உறவினரின் முடிவும் அதற்குள் அடங்க வேண்டும், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், சின்னம்மாவின் கேள்வியே அதுதான். பரிசோதனை செய்ததைச் சொல்லாமல் விட்டதை 'மறைத்தது' என்று எடுக்கக் கூடாது. காவியாக இருப்பதை நோய் என்று எழுதக் கூடாது. தகவல் பெறும் அனுமதி தனித் தாளில், தமிழில், வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். அதில் கையெழுத்து வைக்காதவருக்கும் காப்புறுதி கிடைக்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற பழைய கேள்வியையும் எடுத்துவிடச் சொல்லத்தான் ஆசை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மடலில் கேட்டால் எதுவும் நடக்காமல் போய்விடும் என்ற பயம். அது இன்னொரு நாளைக்கு.

நீங்கள் பதில் அனுப்பினால் தமிழில் அனுப்புங்கள். அதைச் சின்னம்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் கண்ணாடியைத் தேடி எடுக்கும்வரை காத்திருந்து, அவர் கையிலேயே கொடுப்பேன். துண்டில் எழுதிய மை இன்னும் மங்கவில்லை. தங்கச்சிக்கு வருகிற ஆவணியில் 35 ஆகிறது.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்
களுதாவளை, மட்டக்களப்பு